பைதன் செய்நிரலுக்குள்ளிருந்து அன்சிபிளை இயக்குவது: எந்த வழி நிலைக்கும்?

பரந்தன் சந்தி (கேள்வி):

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். நெல் கொள்வனவு நிலையங்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சிறிய குழுவில் வேலை செய்கிறேன். முழங்காவில், மல்லாவி, ஒட்டுசுட்டான், விசுவமடு, புதுக்குடியிருப்பு ஆகிய இடங்களிலுள்ள நிலையங்கள் ஒவ்வொன்றிலும் உபுண்டு இயங்கும் ஒரு சிறிய சேவையகம் இருக்கிறது. தராசில் விழும் நிறை, நெல்லின் ஈரப்பதன், விவசாயிக்குக் கொடுக்கும் பற்றுச்சீட்டு எல்லாம் முதலில் அதிலேயே பதிவாகி, இணைப்புக் கிடைக்கும் நேரத்தில் கிளிநொச்சியிலுள்ள மையச் சேவையகத்துக்கு வந்து சேரும்.

இந்தச் சேவையகங்களை அமைப்பதற்கும் மேம்படுத்துவதற்கும் பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் அன்சிபிள் என்ற கருவிக்குப் பிளேபுக்குகள் (படிப்படியான பணிப் பட்டியல்கள்) எழுதி வைத்திருக்கிறோம். என் கணினியின் முனையத்திலிருந்து இயக்கினால் அவை ஒழுங்காக வேலை செய்கின்றன. ஆனால் காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கொள்வனவு சூடுபிடிக்கும்போது புதிய நிலையங்கள் அவசரமாகத் திறக்கப்படும். அப்போது லினக்ஸ் தெரியாத அலுவலக ஊழியர் ஒருவரே நிலையத்தின் பெயரைத் தெரிவுசெய்து, ஒரு பொத்தானை அழுத்தி, அமைவு எந்தப் படியில் நிற்கிறது என்பதைத் திரையில் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் நிர்வாகப் பக்கம் ஜாங்கோ என்ற பைதன் இணையச் சட்டகத்தில் எழுதப்பட்டது. நீண்ட நேரம் எடுக்கும் வேலைகளைச் செலரி என்ற பின்னணி வேலை வரிசைக்குக் கொடுக்கிறோம்.

தேடியதில் மூன்று வழிகள் தென்பட்டன. அன்சிபிளின் பைதன் வகுப்புகளை நேரடியாக இறக்குமதி செய்து பிளேபுக்கை இயக்குவது ஒன்று. பைதனின் சப்புரோசஸ் தொகுதி மூலம் கட்டளையை வெளியே இயக்கி அதன் வெளியீட்டை வாசிப்பது இன்னொன்று. அன்சிபிள் ரன்னர் என்ற தனி நூலகத்தைப் பயன்படுத்துவது மூன்றாவது. முதலாவது வழியில் ஒரு மாதிரி நிரலைப் பின்பற்றி எழுதினேன். முனையத்தில் அது ஓடியது. செலரிக்குள் போட்டதும், டீமன் (பின்னணிச்) செயன்முறைகளுக்குப் பிள்ளைச் செயன்முறைகள் இருக்க அனுமதியில்லை என்று பொருள்படும் பிழையுடன் நின்றுவிட்டது. இந்தப் பிழையைச் சுற்றிப் போக வழி தேட வேண்டுமா, அல்லது இந்த வழியையே விட்டுவிட வேண்டுமா?

இன்னொரு விடயம். நிலையங்கள் பலவற்றுக்கு இணைப்பு கைப்பேசி வலையமைப்பில் இயங்கும் ரவுட்டர் மூலமே கிடைக்கிறது. மழையும் மின்னலும் வந்தால் மின்சாரமும் இணைப்பும் சேர்ந்தே போய்விடும். பாதியில் அறுந்த அமைவை நீங்கள் எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

வவுனியா முறைமையாளர்:

முதலாவது வழியை விட்டுவிடுங்கள், தம்பி. உங்களுக்குக் கிடைத்த பிழை சரியான நேரத்தில் கிடைத்த எச்சரிக்கை.

அன்சிபிளின் ஆவணமே இதைத் தெளிவாகச் சொல்கிறது: அதன் பைதன் இடைமுகம் அன்சிபிளின் சொந்த உள் வேலைக்கானது, எந்த நேரத்திலும் மாறலாம், பழைய நிரல்கள் புதிய பதிப்பில் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல என்பதற்கு வரலாறே சாட்சி. 2016 தையில் 2.0 பதிப்பு வந்தபோது, அதுவரை எல்லோரும் இறக்குமதி செய்து பயன்படுத்திய ரன்னர் என்ற பழைய வகுப்பு (நீங்கள் சொன்ன அன்சிபிள் ரன்னர் நூலகம் அல்ல) இல்லாமற் போனது. அதை நம்பி எழுதியவர்கள் டாஸ்க் கியூ மேனேஜர், வேரியபிள் மேனேஜர் என்ற புதிய வகுப்புகளைக் கொண்டு எல்லாவற்றையும் திருப்பி எழுதினார்கள். 2019இல் 2.8 வந்தபோது, கட்டளைத் தெரிவுகளை வகுப்புகளுக்குக் கொடுக்கும் முறை மாறி, அப்படித் திருப்பி எழுதியவையும் உடைந்தன. இணையத்தில் இன்று கிடைக்கும் மாதிரி நிரல்களில் எது எந்தக் காலத்தது என்று பார்த்தவுடன் சொல்வது கடினம். உங்கள் நிலையங்களைப் போல, ஒரு முறை அமைத்துவிட்டுச் சில வருடங்கள் தொடாமல் இருக்க வேண்டிய வேலைக்கு அந்த அடித்தளம் பொருந்தாது.

செலரியில் ஏன் நின்றது என்பதையும் விளங்கிக்கொள்வது நல்லது. அன்சிபிள் ஒவ்வொரு கணினிக்குமான வேலையைத் தனிப் பிள்ளைச் செயன்முறையாகக் கிளைத்தே செய்கிறது. இயல்பாக ஒரே நேரத்தில் 5 கிளைகள் வரை. செலரியின் வழமையான தொழிலாளிகளோ தாமே டீமன் என்று குறிக்கப்பட்ட செயன்முறைகள். பைதனின் மல்ட்டிபுரோசஸிங் தொகுதி டீமன்களைப் பிள்ளை பெற விடாது. செலரியை இழை முறைக்கு, அதாவது ஒரே செயன்முறைக்குள் பல வேலைகள் ஓடும் முறைக்கு, மாற்றி இந்தத் தடையைத் தாண்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அன்சிபிள் கிளைத்தலை நம்பியிருப்பதால் அதன் இடைமுகம் இழைகளுக்குப் பாதுகாப்பானது அல்ல என்று அதே ஆவணம் சொல்கிறது. ஒரு தடையைத் தாண்டி, எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறுக்குள் விழுவீர்கள். மேலும், அன்சிபிள் தன் அமைவுகளை இறக்குமதியாகும்போதே வாசித்து வைத்துக்கொள்கிறது. நாட்கணக்காக உயிரோடிருக்கும் ஒரு தொழிலாளிக்குள் அதை ஏற்றினால், முதல் வேலைக்குரிய அமைவுதான் அடுத்தடுத்த வேலைகளுக்கும் தொடரும்.

நீங்கள் மென்பொருளை ஆலைகளுக்குக் கொடுப்பவர்கள் என்பதால் உரிமத்தையும் கவனியுங்கள். அன்சிபிள் ஜிபிஎல் 3இன் கீழ் வருகிறது. அதன் வகுப்புகளை உங்கள் நிரலுக்குள் இறக்குமதி செய்து விநியோகிப்பதும், தனிச் செயன்முறையாக இயக்குவதும் உரிமக் கண்ணோட்டத்தில் ஒன்றல்ல. ரன்னர் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது.

ஆகவே நான் ரன்னரையே சொல்வேன். ஏடபிள்யூஎக்ஸ் என்ற திறந்த மூல நிர்வாகப் பக்கம் தன் வேலைகளை இயக்குவது இதன் மூலம்தான். நீங்கள் கட்ட நினைப்பதும் அதன் சிறிய வடிவம் என்பதால் தேவைகள் ஒத்துப்போகும். ரன்னர் அன்சிபிளை உங்கள் செயன்முறைக்கு வெளியே, ஒரு போலி முனையத்தில் இயக்கும். அதனால் செலரித் தொல்லை இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோப்புறையைக் கொடுக்கிறீர்கள். அதற்குள் இன்வென்ட்டரிக்கு (கணினிகளின் பட்டியலுக்கு) ஓர் அடைவு, பிளேபுக்குகளுக்கு ஓர் அடைவு, மாறிகளுக்கும் சூழலுக்கும் ஓர் அடைவு. விளைவுகள் ஆர்ட்டிஃபாக்ட்ஸ் என்ற அடைவில் வேலையின் அடையாளப் பெயரோடு சேரும். முடிவுக் குறி, நிலை, முழு வெளியீடு, ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு ஜேசன் கோப்பு என எல்லாம் அங்கே இருக்கும்.

உங்கள் ஊழியர் திரையில் பார்க்க வேண்டியது அந்த நிகழ்வுகளைத்தான். ரன்னரின் 'ரன்' சார்புக்கு நிகழ்வுக் கையாளி ஒன்றைக் கொடுத்தால், ஒவ்வொரு பணியும் ஒவ்வொரு கணினியிலும் முடிந்தவுடன் அது அழைக்கப்படும். கையில் வரும் அகராதியில் வரிசை எண், நிகழ்வின் வகை, கணினியின் பெயர், பணியின் பெயர், மொடியூல் (பணியைச் செய்யும் நிரல்) திருப்பிக் கொடுத்த விளைவு ஆகியவை இருக்கும். 'நடந்தது', 'தோற்றது', 'எட்டவில்லை' என்ற மூன்று வகைகளையும் கடைசியில் வரும் புள்ளிவிவர நிகழ்வையும் மட்டும் எடுத்து உங்கள் தரவுத்தளத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். ஜாங்கோ பக்கம் அந்த அட்டவணையை வாசித்தால் போதும். பணிகளுக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள். 'தராசுத் தொடர்பு மென்பொருளை நிறுவுதல்' என்று பிளேபுக்கில் எழுதினால் அதுவே திரையிலும் வரும். ஊழியருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கையாளி 'பொய்' என்று திருப்பினால் அந்த நிகழ்வு வட்டில் சேமிக்கப்படாது. தேவையற்றவற்றை அப்படிக் கழிக்கலாம். பழைய விளைவுகள் குவிந்து வட்டை நிரப்பாமலிருக்க, கடைசிச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் சுழற்சி அமைவும் உண்டு. முழு வேலைக்கான கால வரம்பையும், வெளியீடே வராமல் நின்றால் முறிக்கும் கால வரம்பையும் தனித்தனியாகக் கொடுங்கள். மின்சாரம் போன நிலையத்துக்காக வரிசை முழுவதும் காத்துக் கிடக்கக்கூடாது.

மாங்குளம் வீதி:

உள் வகுப்புகளை விட்டுவிடச் சொன்னதில் எனக்கும் முழு உடன்பாடு. ஆனால் ஐந்தாறு நிலையங்களுக்கு ரன்னர் அவசியமா என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. சப்புரோசஸ் போதும். புதிதாக ஒரு நூலகத்தின் பதிப்பையும் பராமரிக்க வேண்டியதில்லை. கட்டளை முனையத்தில் எப்படி ஓடுகிறதோ அப்படியே நிரலுக்குள்ளும் ஓடும். கோளாறு வந்தால் அதே வரியை நகலெடுத்து முனையத்தில் இயக்கிப் பார்க்கலாம். முடிவுக் குறியைச் சரியாக வாசிக்கத் தெரிந்திருந்தால் பெரும்பாலான தேவை அதிலேயே நிறைவேறும்.

அந்தக் குறியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 0 என்றால் பிழையின்றி முடிந்தது. 2 என்றால் ஏதோ ஒரு கணினியில் பணி தோற்றது. 4 என்றால் ஏதோ ஒரு கணினியை எட்ட முடியவில்லை. எங்கள் பக்கத்தில் 2க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம் பெரியது. 4 வந்தால் இணைப்பு வரும்வரை காத்திருந்து திரும்ப முயலலாம், 2 வந்தால் ஒரு மனிதர் பார்த்தே ஆகவேண்டும். ஆகவே பூச்சியமா இல்லையா என்று மட்டும் பார்க்காதீர்கள். பப்பெட் என்ற இதே வகைக் கருவியிலிருந்து வருபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: அங்கே விரிவான முடிவுக் குறிகளைக் கேட்டு இயக்கினால், 2 என்பது வெற்றியோடு மாற்றங்கள் நடந்தன என்பதையும், 4 என்பது சில வளங்கள் தோற்றன என்பதையும் குறிக்கும். இரண்டு கருவிகளையும் ஒரே நிரல் இயக்கினால் குறிகளுக்குத் தனித்தனி விளக்கம் வேண்டும்.

இன்னும் ஆபத்தானது 0. இன்வென்ட்டரியில் இல்லாத ஒரு குழுவைப் பிளேபுக் குறிப்பிட்டிருந்தால், அன்சிபிள் பொருந்தும் கணினி எதுவுமில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு 0 என்றே முடிக்கும். திரையில் பச்சை நிறம் வரும். நிலையத்தில் எதுவுமே நடந்திருக்காது. நீங்கள் ரன்னரைப் பயன்படுத்தினாலும் இதே நிலைதான், ஏனெனில் அதுவும் இந்தக் குறியையே நம்புகிறது. கடைசிப் புள்ளிவிவரத்தில் நீங்கள் எதிர்பார்த்த கணினியின் பெயர் இருக்கிறதா, அதற்கு நேரே எட்டவில்லை என்ற எண்ணும் தோற்றது என்ற எண்ணும் பூச்சியமா என்று பார்த்த பிறகே வெற்றி என்று பதியுங்கள்.

வெளியீட்டை வாசிக்க ஜேசன் கால்பேக் என்ற செருகுநிரலை இயக்கலாம். ஆனால் அது எல்லாம் முடிந்த பிறகே ஒட்டுமொத்தமாக வெளியீட்டைத் தரும். இடையில் படிப்படியாகக் காட்ட முடியாது. உங்கள் ஊழியருக்கு இடைநிலை அவசியம் என்றால் வவுனியா அண்ணா சொன்ன ரன்னருக்கே போங்கள், அந்த ஓர் இடத்தில் அதற்கு ஈடு இல்லை.

எந்த வழியை எடுத்தாலும் சிஸ்டம்டி (லினக்ஸின் சேவை மேலாளர்) சேவையாக இயக்கும்போது வரும் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். முனையத்தில் ஓடிய அதே வேலை சேவையாக ஓடும்போது தோற்கும். காரணம் சூழல் மாறிகள். புதிய அன்சிபிள் பதிப்புகள் மொழிக் குறியாக்கம் யூடிஎஃப் 8 ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. சேவையின் சூழலில் மொழி மாறி வேறு குறியாக்கத்தைக் குறித்தால் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். தமிழில் பணிப் பெயர் வைக்கப்போகிறீர்கள் என்றால் இதைத் தவறவிடவே முடியாது. அத்தோடு, அன்சிபிள் தன் அமைவுக் கோப்பை இயங்கும் அடைவிலும் பயனரின் வீட்டு அடைவிலும் தேடும்; எல்லோரும் எழுதக்கூடிய அடைவில் இருந்தால் பாதுகாப்புக்காக அதைப் புறக்கணித்துவிடும். எனவே அமைவுக் கோப்பின் பாதை, மொழி, வீட்டு அடைவு, கட்டளைகளைத் தேடும் பாதை ஆகிய நான்கையும் நீங்களே வெளிப்படையாகக் கொடுங்கள். அன்சிபிளை ஜாங்கோவின் மெய்நிகர் சூழலில் நிறுவாமல் தனி மெய்நிகர் சூழலில், பதிப்பைப் பூட்டி நிறுவுங்கள். ஜாங்கோவை மேம்படுத்தும்போது பிளேபுக்குகள் ஆடக்கூடாது.

பரந்தன் சந்தி:

இருவருக்கும் மிக்க நன்றி. ரன்னரைக் கொண்டு ஒரு பரீட்சார்த்தப் பக்கம் செய்தேன். செலரிக்குள் தடையின்றி ஓடுகிறது, பணிகளின் பெயர்களும் தமிழில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பொருந்தும் கணினி இல்லாதபோது 0 வருவதையும் வேண்டுமென்றே செய்து பார்த்தேன், சொன்னது சொன்னபடியே நடந்தது.

இப்போது இரண்டு சந்தேகங்கள். நிலையத்தின் பெயர், முகாமையாளரின் பெயர், பற்றுச்சீட்டின் தலைப்பு வரி ஆகியவற்றை ஊழியர் படிவத்தில் தட்டச்சு செய்கிறார். அவற்றைக் கூடுதல் மாறிகளாக அப்படியே அனுப்புகிறேன். தரவுத்தளக் கடவுச்சொல்லும் அதே வழியில்தான் போகிறது. இது சரியா? மேலும், இரண்டு பேர் ஒரே நிலையத்துக்கு ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்?

இரணைமடு வான்கதவு:

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஒரே சேவையகத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாக ஓடுவதை அன்சிபிள் தடுக்காது. அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும். நீங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், நிலையத்தின் எண்ணைக் கொண்டு ஓர் ஆலோசனைப் பூட்டை எடுக்க முயலுங்கள். கிடைக்காவிட்டால் 'இந்த நிலையத்துக்கு ஏற்கெனவே ஓர் அமைவு நடக்கிறது' என்று சொல்லி நிறுத்துங்கள். அமர்வு மட்டத்தில் எடுத்த பூட்டு, செலரித் தொழிலாளி இறந்து தரவுத்தள இணைப்பு அறுந்தவுடன் தானே விடுபடும். அட்டவணையில் 'நடக்கிறது' என்று ஒரு குறியை எழுதி வைத்தால், மின்சாரம் போய் வந்த பிறகும் அந்தக் குறி அப்படியே நின்று, யாராவது கையால் அழிக்கும்வரை அந்த நிலையத்தைப் பூட்டி வைத்திருக்கும்.

முதலாவது கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது. தட்டச்சு செய்ததை அப்படியே அனுப்பாதீர்கள். அன்சிபிள் மாறிகளின் மதிப்பை ஜிஞ்சா வார்ப்புருவாக விரிக்கும், அதாவது அதற்குள் இருக்கும் கோவையை இயக்கி விளைவை அங்கே இடும். படிவத்தில் முகாமையாளரின் பெயருக்குப் பதிலாக, இரட்டை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் 'பைப்' என்ற லுக்கப்பை அழைக்கும் ஒரு வரியை யாராவது எழுதினால், அதிலுள்ள கட்டளை ஓடப்போவது நிலையத்தில் அல்ல; அன்சிபிள் இயங்கும் உங்கள் கிளிநொச்சி மையச் சேவையகத்தில். எல்லா நிலையங்களுக்குமான எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் முறை) சாவி இருப்பதும் அங்கேதான். ஏடபிள்யூஎக்ஸ் இந்த ஆபத்துக்காகவே, கூடுதல் மாறிகளில் ஜிஞ்சாவை எங்கே அனுமதிப்பது என்பதற்கு ஒரு தனி அமைவை வைத்திருக்கிறது. உங்கள் படிவத்தில் எழுத்து, இலக்கம், இடைவெளி, சில நிறுத்தற்குறிகள் ஆகியவற்றை மட்டும் அனுமதித்து, நெளிவு அடைப்புக்குறி வந்தாலே நிராகரியுங்கள். தமிழ் எழுத்துக்களை அனுமதிக்கும்போது உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனி யூனிகோட் வகையைச் சேர்ந்தவை என்பதை மறக்காதீர்கள். எழுத்துகளை மட்டும் அனுமதிக்கும் விதி 'மல்லாவி' என்ற பெயரையே நிராகரித்துவிடும்.

எந்தக் கணினியில் இயக்குவது என்ற வரம்பையும் தட்டச்சுக்கு விடவேண்டாம். அந்த இடத்தில் 'எல்லாம்' என்று பொருள்படும் சொல்லும் நட்சத்திரக் குறியும் செல்லுபடியாகும்; ஒரு நிலையத்துக்கு நினைத்தது அத்தனை நிலையங்களுக்கும் போய்விடும். தெரிவுப் பட்டியலிலிருந்து நிலையத்தின் எண்ணை மட்டும் வாங்கி, கணினியின் பெயரை நீங்களே தரவுத்தளத்திலிருந்து எடுங்கள்.

கடவுச்சொல்லுக்கு வருவோம். சப்புரோசஸில் அதைக் கட்டளை வரியில் கொடுத்தால், அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் செயன்முறைப் பட்டியலில் அதைப் பார்க்கலாம். ரன்னரில் கொடுத்தால், மாறிகளையும் கடவுச்சொற்களையும் அது வேலைக் கோப்புறையின் சூழல் அடைவில் ஜேசன் கோப்புகளாக எழுதி வைக்கும். வேலை முடிந்த பிறகும் அவை அங்கேயே கிடக்கும். இதைத் தடுக்க, சூழல் கோப்புகளை எழுதாமல் விடும் தெரிவு ரன்னரில் இருக்கிறது. எனினும் நிலையான இரகசியங்களை அன்சிபிள் வால்ட்டில் மறையாக்கி வைத்து, வால்ட்டின் சாவியை மட்டும் தொழிலாளியின் பயனருக்கு வாசிக்கக் கொடுப்பதே நல்லது. இரகசியம் புழங்கும் பணிகளில் பதிவு வேண்டாம் என்ற குறியை இடுங்கள். இல்லாவிட்டால் அதே கடவுச்சொல் நிகழ்வின் விளைவுப் பகுதியில் ஏறி, உங்கள் அட்டவணைக்கு வந்து, ஊழியரின் திரையிலேயே தெரியும்.

ஜாங்கோ ஒரு லினக்ஸ் பயனராகவும், அன்சிபிளை இயக்கும் செலரித் தொழிலாளி வேறொரு பயனராகவும் ஓடட்டும். எஸ்எஸ்எச் சாவி இரண்டாமவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். இணையப் பக்கத்தில் ஓர் ஓட்டை விழுந்தாலும் விவசாயிகளின் கணக்கு இருக்கும் சேவையகங்களுக்கு அதன் வழியே நேரே போகக்கூடாது.

வற்றாப்பளை:

இணைப்பு அறுவதைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்தில் இதே சிக்கலோடு வேலை செய்பவன் என்பதால் சொல்கிறேன்: உங்கள் நிலையங்களுக்குப் பொத்தான் முறை அரைவாசித் தீர்வுதான். மையத்திலிருந்து தள்ளும் முறை, தள்ளும் நேரத்தில் மறுமுனை விழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறாது.

முதல் அமைவைத் தள்ளும் முறையில் செய்யுங்கள். அதையும் நிலையத்தில் செய்யாமல், சேவையகத்தை அலுவலக மேசையில் வைத்து, நல்ல இணைப்பில் முடித்துவிட்டு அனுப்புங்கள். பெரிய பொதிகளின் பதிவிறக்கம் அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் மாற்றங்களுக்கு அன்சிபிள் புல் என்ற கட்டளையைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு சேவையகமும் தானே கிட் (பதிப்புக் கட்டுப்பாடு) களஞ்சியத்திலிருந்து பிளேபுக்கை இழுத்துத் தன்மீது இயக்கிக்கொள்ளும். அதைச் சிஸ்டம்டி டைமரில் நாட்காட்டி நேரத்தோடு வைத்து, தவறிய நேரத்தை நினைவில் வைக்கும் தெரிவையும் இயக்கினால், மின்சாரம் இல்லாததால் தவறிய ஓட்டம் கணினி எழுந்தவுடன் நடக்கும். எல்லா நிலையங்களும் ஒரே நிமிடத்தில் களஞ்சியத்தைத் தட்டாமலிருக்க, தற்செயலான நொடிகள் காத்திருக்கும் தெரிவும் அந்தக் கட்டளையில் உண்டு.

இரண்டு தெரிவுகளைக் கவனமாகப் பாருங்கள். களஞ்சியம் மாறியிருந்தால் மட்டும் இயக்கு என்ற தெரிவு தரவைச் சேமிக்கும் என்று தோன்றும். ஆனால் ஒரு மாற்றம் இறங்கி, பிளேபுக் பாதியில் தோற்றுவிட்டால், களஞ்சியம் மீண்டும் மாறும்வரை அந்தச் சேவையகம் திரும்ப முயலாது. எங்கள் நிலைமைக்கு அது வேண்டாம். மாறாக, களஞ்சியத்தை எட்ட முடியாவிட்டாலும் கையிலுள்ள பிரதியை இயக்கு என்ற தெரிவு எங்களுக்காகவே செய்தது போன்றது. இணைப்பே இல்லாத நாளிலும், யாரோ கைவைத்துக் குழப்பிய அமைவை அது திருத்திவிடும். கிட் பதிவின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் தெரிவையும் இயக்குங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு நிலையத்திலும் களஞ்சியத்தின் பிரதியும் வால்ட் சாவியும் இருக்கும். ஒரு பெட்டி களவு போனால் எல்லா நிலையங்களின் இரகசியமும் சேர்ந்து போகக்கூடாது என்பதால், நிலையத்துக்கு ஒரு வால்ட் சாவி என்று பிரித்து வையுங்கள்.

விளைவை மையத்துக்கு அறிவிக்க நீங்கள் புதிய வழி தேட வேண்டியதில்லை. பற்றுச்சீட்டுத் தரவு இணைப்பு வரும்போது மையத்துக்கு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிசையிலேயே அமைவின் புள்ளிவிவரத்தையும் ஒரு பதிவாகச் சேர்த்து அனுப்புங்கள். நிர்வாகப் பக்கம் 'கடைசியாக வெற்றியுடன் அமைந்தது இந்த நேரத்தில், இந்தப் பதிப்பில்' என்று காட்டட்டும். அதைவிட அதிகமாகத் தெரிந்ததுபோல் காட்டவேண்டாம்.

தள்ளியே ஆகவேண்டிய நீண்ட பணிகள் இருந்தால், முழு உபுண்டு மேம்படுத்தல் போன்றவற்றை, அசிங்க் முறையில் தொடங்கி, காத்திருக்காமல் விட்டு, நிலையைப் பிறகு கேளுங்கள். அப்படித் தொடங்கிய பணி எஸ்எஸ்எச் அறுந்தாலும் மறுமுனையில் தொடரும். சாதாரணமாக இயக்கினால், இணைப்பு அறும்போது பொதி நிறுவலும் இடையில் நின்று, அடுத்த ஓட்டம் அரைகுறையாக அமைந்த பொதியில் முட்டக்கூடும். எஸ்எஸ்எச் மறுமுயற்சி இயல்பில் பூச்சியம், இணைப்புக்குக் காத்திருக்கும் நேரம் 10 நொடி, இரண்டையும் கூட்டுங்கள். ஷெல் கட்டளையாக எழுதிய பணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவை உருவாக்கும் கோப்பு ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போகும்படி எழுதுங்கள். பாதியில் அறுந்த அமைவை அச்சமின்றித் திரும்ப இயக்க முடிவது அந்த ஒழுங்கினால்தான்.

பரந்தன் சந்தி:

நிலையத்துக்கு ஒரு வால்ட் சாவி என்பதை உடனே செய்கிறேன், அண்ணா. முதல் அமைவை அலுவலகத்தில் முடித்து, மாற்றங்களை இழுக்கும் முறைக்கு விடுவது எங்கள் நிலைமைக்கு நன்றாகப் பொருந்துகிறது. கடைசியாக ஒன்று கேட்கிறேன்: அலுவலகத்தில் தள்ளும்போது, தவறான நிலையத்தைத் தெரிவுசெய்துவிட்டதாக உணர்ந்த ஊழியருக்கு 'நிறுத்து' என்ற பொத்தானும் கொடுக்கலாமா?

வவுனியா முறைமையாளர்:

கொடுக்கலாம். ரன்னருக்கு நிறுத்தக் கையாளி ஒன்றைக் கொடுத்தால், வேலை ஓடும்போது அதைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்க்கும். அது 'மெய்' என்று திருப்பினால் வேலையை முறித்து, நிலையை நிறுத்தப்பட்டது என்று பதியும். அந்தக் கையாளி தரவுத்தளத்தில் ஒரு புலத்தை மட்டும் வாசிக்கட்டும், பொத்தான் அந்தப் புலத்தை மாற்றட்டும்.

ஆனால் நிறுத்துவதால் முன்பு நடந்தவை எதுவும் திரும்பாது. முடிந்த பணிகள் முடிந்தவையே. முறித்த கணத்தில் ஓடிக்கொண்டிருந்த பணி மறுமுனையில் எந்த நிலையில் நின்றது என்பது உங்கள் நிரலுக்குத் தெரியாது. ஆகவே திரையில் 'நிறுத்தப்பட்டது, மீண்டும் அமைக்க வேண்டும்' என்று எழுதி, அந்தச் சேவையகத்துக்கு முழு அமைவும் வெற்றியுடன் ஓடி முடியும்வரை அதை நிலையத்துக்கு அனுப்ப முடியாதபடி குறித்து வையுங்கள். செக் முறையில் (எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்ப்பது) இயக்கிப் பார்த்து எல்லாம் சரி என்று முடிவெடுக்க வேண்டாம், தம்பி. ஷெல் பணிகளை அந்த முறை பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும். இரணைமடு நண்பர் சொன்ன பூட்டையும், ரன்னர் திரும்பி வந்து நிலையைப் பதிந்த பிறகே விடுங்கள். பொத்தானை அழுத்திய கணத்தில் விட்டால், முறிந்துகொண்டிருக்கும் வேலையின்மேல் அடுத்தது ஏறிவிடும்.